உணவைக் கையில் எடுத்தும் தின்னாமல் கீழே போட்டுவிடுகிறது: நோயுற்ற அணிலை எப்படிக் கவனிப்பது?

கேள்வி

வணக்கம். நாங்கள் வளர்க்கும் அணிலின் உடல்நிலை பற்றிய கவலையால் இதை எழுதுகிறேன். முதுகில் கோடுள்ள சிறிய இனத்தைச் சேர்ந்த பெண் அணில் அது. மின்னி என்று அழைக்கிறோம். கண் திறக்காத பிள்ளையாகக் கூட்டிலிருந்து விழுந்து கிடந்தபோது, தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்று அரை நாள் ஒதுங்கி நின்று பார்த்தோம். வராது என்று தெரிந்த பிறகே வீட்டுக்கு எடுத்து வந்தோம். இப்போது அதற்கு ஏறத்தாழ 14 மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை.

கடந்த ஆறு நாட்களாக அது சரியாகத் தின்பதில்லை. முதல் இரண்டு நாட்களில் நிலக்கடலையை மட்டும் ஒதுக்கியது. சலித்துவிட்டது போலும் என்று நினைத்துப் பழத்தைக் கூடுதலாக வைத்தோம். மூன்றாம் நாளிலிருந்து புழுக்கை மாறிவிட்டது. வழக்கமாக உலர்ந்து தனித்தனியாக இருக்கும் புழுக்கை, பிசுபிசுப்பாக ஒன்றோடொன்று ஒட்டி, வாலின் அடிமயிரிலும் அப்பிக்கொள்கிறது. நேற்றிலிருந்து அதுவும் குறைந்து, இன்று காலை கூண்டைச் சுத்தம் செய்தபோது மூன்றே மூன்றுதான் இருந்தன. சென்ற மாதம் 112 கிராம் இருந்த எடை, இன்று சமையலறைத் தராசில் 98 கிராம் காட்டுகிறது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. உணவுக் கிண்ணத்தை எடுத்தாலே முன்போல ஓடி வருகிறது. விதையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறது, வாயருகே கொண்டுபோய் இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்க்கிறது, பிறகு கீழே போட்டுவிட்டு என்னையே பார்க்கிறது. வாழைப்பழத்தை மட்டும் கொஞ்சம் நக்கித் தின்கிறது. மோவாயின் அடிமயிர் எப்போதும் ஈரமாக இருக்கிறது, பழச்சாறாக இருக்கலாம்.

இதுநாள் வரை அதன் முதன்மை உணவு சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும்தான். அவ்வப்போது பழத்துண்டு, எப்போதாவது பிஸ்கட். கூண்டைக் கண்ணாடிச் சன்னலோரம் வைத்திருப்பதால் வெயில் படுகிறது. இரவில் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. உடம்பு தேறட்டும் என்று நேற்று மாலை சிறிது பசும்பால் கொடுத்தேன். அதன்பின் வயிறு உப்பியது போலத் தெரிகிறது.

இது வயிற்றில் ஏற்பட்ட தொற்றுதானா? வீட்டில் என் மகனுக்கு வாங்கிய ஆண்டிபயாடிக் மருந்தும் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் மீதம் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறிய அளவைக் கரைத்துக் கொடுக்கலாமா? தானாகத் தின்னாத நிலையில் எப்படி உணவூட்டுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் மறுமொழி

அம்மா, முதலில் உங்கள் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மருந்துகளையும் தொடாதீர்கள். பாலை இந்தக் கணத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மனிதருக்குத் தரும் ஆண்டிபயாடிக் மருந்துகளில் சில, கொறிக்கும் விலங்குகளின் குடலில் இயல்பாக வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சை உண்டாக்கும் கிருமிகள் பெருக இடம் கொடுத்துவிடும். கினிப் பன்றியும் ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கும் இப்படி வாய்வழி பென்சிலின் வகை மருந்துகளால் இறந்துபோவது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. அணிலின் குடல் அவற்றின் குடலைப் போன்றதே அல்ல என்றாலும், எந்த மருந்து, எந்த அளவு என்பதை அதன் எடையைக் கிராமில் கணக்கிட்டு ஒரு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரையின் ஒரு துணுக்கு உங்களுக்கு மிகச் சிறியதாகத் தெரியும். 98 கிராம் உயிருக்கு அது மிகப் பெரிய அளவாக இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவையே மட்டுப்படுத்துவது. புழுக்கையே குறைந்துவரும் விலங்குக்கு அது இன்னும் கேடு.

இனி நோய்க்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம், விதையை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போடுகிறது என்பது. பசியில்லாத அணில் கிண்ணத்தைக் கண்டு ஓடி வராது. வந்தாலும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் மின்னிக்குப் பசி இருக்கிறது. தின்ன முடியவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் வயிற்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, நாட்களை இழந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மோவாய் ஈரம் பழச்சாறாக இருக்க வேண்டியதில்லை. வாயை மூட முடியாமலோ விழுங்க வலித்தோ வடியும் எச்சிலாக இருக்கலாம். முதலில் கடினமான கடலையை ஒதுக்கியது, பிறகு மென்மையான பழத்தை மட்டும் தின்றது என்ற வரிசையும் வாயைத்தான் சுட்டுகிறது. புழுக்கை இளகியதற்குக்கூட, பல நாட்களாக நார்ச்சத்தும் விதையும் இல்லாமல் சர்க்கரை மிகுந்த பழம் மட்டுமே உள்ளே போனதும், அதன்மேல் பால் சேர்ந்ததும் காரணமாக இருக்கலாம். தொற்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாயைப் பார்க்காமல் தொற்று என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறேன்.

அணிலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள் உண்டு. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசித் தேய்வதால்தான் அளவாக நிற்கின்றன. ஒன்று உடைந்தாலோ கோணினாலோ, எதிரே உள்ள பல் தேய வழியின்றி நீண்டு, ஈற்றையோ உதட்டையோ குத்தத் தொடங்கும். கூண்டுக் கம்பியைக் கடிக்கும் பழக்கம் பல் உடைவதற்கும் வேர் அசைந்து கோணுவதற்கும் மிகப் பொதுவான காரணம். நல்ல வெளிச்சத்தில், அது எதையாவது நக்கும்போது, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். பல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருந்தால் அஞ்ச வேண்டாம், வளர்ந்த அணிலுக்கு அதுவே இயல்பு. கீழ்ப்பற்கள் மேற்பற்களைவிட நீளமாக இருப்பதும், இரண்டும் சற்று விரிந்து குவிவதும்கூட இயல்புதான். நான்கும் இருக்கின்றனவா, நேராகச் சந்திக்கின்றனவா, ஏதேனும் ஒன்று வளைந்து வாய்க்குள் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தாலும் நகவெட்டியால் வெட்ட முயலாதீர்கள். பல் நீளவாக்கில் வேர்வரை பிளந்துவிடும்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியவை மூன்று. அவற்றின் வரிசை மாறக் கூடாது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு நீர், கடைசியில்தான் உணவு. உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. அப்போது ஊட்டும் உணவு உள்ளேயே தங்கி நொதித்து உப்புசத்தைக் கூட்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு மிகுந்தால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். காதும் பாதமும் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். தோள்களுக்கு இடையே உள்ள தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது, கூடாரம்போல் நின்று மெதுவாகப் படிந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியை, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவு நீரில் கரைத்து, இளஞ்சூட்டில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். கரைசல் கெட்டியாக இருந்தால் பலன் வரும் என்று நீரைக் குறைக்காதீர்கள். அது உடலிலிருந்து குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். இந்த எடைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 10 மில்லி லிட்டர் போதும், அதையும் பல தடவைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கரைத்தது ஒரு நாளைக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள்.

எடையில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நாளை மறுநாள் என்று தள்ளாமல், சிறிய கொறிவிலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை இன்றோ நாளைக் காலையோ பார்த்துவிடுங்கள். அணில் வளர்க்க உரிமம் தேவைப்படும் நாடுகள் உண்டு, அந்த அச்சத்தால் மருத்துவரைத் தவிர்ப்பவர்களும் உண்டு. நீங்கள் தவிர்க்க வேண்டாம்.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், அது என் சொந்த இழப்பிலிருந்து கற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் வளர்த்த அணில் இதேபோல் தின்னாமல் கிடந்தது. எப்படியாவது வயிற்றை நிரப்பிவிட வேண்டும் என்ற தவிப்பில், அதை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சை வாயில் வைத்துக் கூழை அழுத்தினேன். மூக்கின் வழியே கூழ் குமிழியிட்டு வந்தது. துடைத்துவிட்டேன், சரியாகிவிட்டது என்று நம்பினேன். மறுநாள் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய சொடுக்கு ஒலி கேட்டது. நுரையீரலுக்குள் உணவு போய்ச் சீழ்பிடித்து, நான்காம் நாள் இறந்துவிட்டது. அதன் முதல் நோயால் அது சாகவில்லை.

ஆகவே, அம்மா, ஊட்டும் முறையைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஊசி இல்லாத, ஒரு மில்லி லிட்டர் கொள்ளும் சிரிஞ்சை மட்டும் பயன்படுத்துங்கள். பெரியதில் எவ்வளவு போகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியாது. அணிலைத் துணியில் சுற்றி, அது தானாக உட்கார்ந்து தின்னும்போது எப்படி நிமிர்ந்து, தலை சற்று முன்னே தாழ்ந்து இருக்குமோ அப்படிப் பிடியுங்கள். சிரிஞ்சின் நுனியை நேராகத் தொண்டையை நோக்கி வைக்காமல், வெட்டுப்பற்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டில் வையுங்கள். ஒரு சொட்டு விடுங்கள். விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. தலையைத் திருப்பிக்கொண்டால் நிறுத்துங்கள். மூக்கில் நீர் தெரிந்தால் உடனே தலையைத் தாழ்த்தி, துடைத்து, அந்த வேளை ஊட்டுவதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான அணில்கள் சிரிஞ்சின் நுனியில் திரளும் சொட்டைத் தாமாகவே நக்கக் கற்றுக்கொள்கின்றன. அதுவே எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி, நேரம் எவ்வளவு ஆனாலும் சரி.

மயங்கியோ தலையைத் தூக்க முடியாமலோ இருக்கும் அணிலின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நிலையில் நீரை மருத்துவர் தோலுக்கு அடியில் ஊசி வழியாகத்தான் ஏற்றுவார்.

மூன்றாம் மறுமொழி

மருத்துவரிடம் போகும்போது புதிய புழுக்கை சிலவற்றை மூடியுள்ள சிறு புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். உலர்ந்துபோனதில் குடல் ஒட்டுண்ணிகளைக் கண்டுபிடிப்பது கடினம். அன்று காலையில் போட்டதே நல்லது. காக்சிடியா, ஜியார்டியா என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஒட்டுண்ணிகள், குடற்புழு ஆகியவை அணிலின் கழிச்சலுக்குக் காரணமாகக்கூடியவை. ஒரு முறை பார்த்து எதுவும் தெரியவில்லை என்றாலும் தொல்லை தொடர்ந்தால் மீண்டும் ஒரு முறை கொடுக்க வேண்டும், ஏனெனில் ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் முட்டைகளை வெளியேற்றுவதில்லை. கூண்டைச் சுத்தம் செய்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன். இவற்றில் சில நோய்க்கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்.

இன்னொரு கேள்வி: கூண்டுக்குள் துணி, பஞ்சு, பிளாஸ்டிக் எதையாவது அது கடித்துப் பிய்த்திருக்கிறதா? புழுக்கை அறவே நின்று, முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைத் தொட்டால் கத்தினால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்படியானால் காலைவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. துணி எதையும் அது கடிக்கவில்லை. அன்று இரவு முழுவதும் வெந்நீர்ப் புட்டியை மாற்றி மாற்றி வைத்து, இரண்டாம் மறுமொழியில் சொன்னபடி சொட்டுச் சொட்டாகக் கரைசலைக் கொடுத்தேன். முதல் அரை மணி நேரத்தில் அரை மில்லி லிட்டர்கூடப் போகவில்லை. பொறுமை இழக்காமல் இருந்தேன். விடியும்போது சிரிஞ்சைத் தானே கையால் பிடித்துக்கொண்டு நக்கத் தொடங்கியது. வயிற்று உப்புசமும் பெருமளவு தணிந்திருந்தது.

வாயைப் பார்க்கும் துணிவு எனக்கு அதிகாலையில்தான் வந்தது. மேல் வெட்டுப்பற்களில் ஒன்று பாதியில் உடைந்திருந்தது. அதற்கு நேர் கீழே உள்ள பல் மற்றதைவிட நீண்டு, உடைந்த இடைவெளி வழியே மேலேறி ஈற்றில் ஊன்றிக்கொண்டிருந்தது. அந்த இடம் சிவந்து வீங்கிப் புண்ணாகியிருந்தது. தன் முன்னால் விதையை நீட்டிய என் கையைப் பார்த்து அது ஆறு நாட்களாக ஓடி வந்ததை நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் பல்லைச் சரிசெய்ய முடியும் என்றார். மயக்கத்துக்கு முன் மனிதருக்குச் செய்வதுபோல் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். அணிலும் எலியும் போன்ற கொறிவிலங்குகளால் வாந்தி எடுக்கவே முடியாது, அதனால் நீண்ட பட்டினி தேவையில்லை என்றும், மாறாக இவ்வளவு சிறிய உடல் சில மணி நேரம் தின்னாமல் இருந்தாலே இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்றும் விளக்கினார். வாயு வழியாக மயக்கம் கொடுத்து, நுண்ணிய சுழல் கருவியால் நீண்ட பல்லைத் தேய்த்து மற்றதோடு சமமாக்கினார். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வலிக்கும் புண்ணுக்கும் எடைக்கேற்ற அளவில் மருந்து எழுதிக் கொடுத்தார். புழுக்கையில் ஒட்டுண்ணி எதுவும் காணப்படவில்லை. மூன்று வாரம் கழித்து மீண்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இன்னொரு செய்தியும் கிடைத்தது. மயக்கத்தில் இருக்கும்போதே எடுத்த எக்ஸ்ரே படத்தில் தாடை எலும்பும் பின்கால் எலும்புகளும் இருக்க வேண்டிய அளவுக்கு அடர்த்தியாக இல்லை என்றார். கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோயின் தொடக்கம் என்றும், பல் எளிதில் உடைந்ததற்கும் அது துணைபோயிருக்கலாம் என்றும் சொன்னார். விதையும் கடலையும்தானே அணிலின் உணவு, வெயிலும் படுகிறதே, பிறகு எப்படி இது வந்தது? மருத்துவர் கால்சியம் மருந்து கொடுத்திருக்கிறார். உணவை எப்படி மாற்றுவது என்று தெளிவாகச் சொல்ல முடியுமா?

முதல் மறுமொழி எழுதியவர் மீண்டும்

உங்கள் இரவு விழிப்பு வீண்போகவில்லை, அம்மா. படித்தபோது எனக்கும் மூச்சு வந்தது. நீங்கள் கேட்டதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் கூண்டில் வளரும் அணில்களை நான் அறிந்த வரையில் மிகுதியாகக் கொல்வது இந்த எலும்பு நோய்தான்.

உணவில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது, பாஸ்பரஸோடு ஒப்பிட எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பதை நாம் இலக்காகக் கொள்கிறோம். நிலக்கடலையில் கால்சியத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கும், சூரியகாந்தி விதையில் எட்டு மடங்கும் பாஸ்பரஸ் இருக்கிறது. இவை இரண்டையுமே ஓராண்டாகத் தின்ற உடல், இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பதற்காகத் தன் எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. மயிர் பளபளப்பாகவே இருக்கும், ஓட்டமும் துள்ளலும் குறையாது. பிறகு ஒரு நாள் தின்ன மனமில்லாமல் மந்தமாக உட்காரும், அல்லது பின்கால்களை இழுத்துக்கொண்டு நகரும், அல்லது வலிப்பு வரும். தசைகள் சுருங்கி விரிவதற்குக் கால்சியம் வேண்டும், குடல் அசைவதும் தசையால்தான். ஆகவே பசியின்மையும் மந்தமான வயிறும் இந்த நோயின் முகமாகவே வரலாம்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். குடலில் கால்சியம் உறிஞ்சப்பட வைட்டமின் டி3 தேவை; அது தோலில் உருவாவதற்குச் சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதி தேவை. சன்னல் கண்ணாடி அந்தப் பகுதியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. மின்னிக்குக் கிடைத்தது வெளிச்சமும் வெப்பமும் மட்டுமே. கண்ணாடி இல்லாத இடத்தில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி, இளவெயிலில் நாள்தோறும் சிறிது நேரம் வையுங்கள். பூனையும் காகமும் நெருங்காமல் பக்கத்திலேயே இருங்கள். டி3 சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது மிகுந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவு மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். இப்போதுதான் குடல் தேறிவருகிறது. திடீரென்று கீரையையும் காயையும் குவித்தால் மறுபடியும் இளகும். புண் ஆறும் நாட்களில், கொறிவிலங்குகளுக்கென்று விற்கப்படும் சமச்சீர் உணவு உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மசித்து, சிறு சிறு அளவாக நாளில் பலமுறை கொடுங்கள். வேகவைத்து மசித்த பூசணி அதனோடு சேரலாம், நார்ச்சத்து உண்டு, வயிற்றுக்கும் இதமானது. புழுக்கை உலர்ந்து தனித்தனியாக விழத் தொடங்கிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு புதிய காய்கறி என்று கூட்டிச் செல்லலாம். ஆக்சலேட் என்னும் வேதிப்பொருள் மிகுந்த கீரைகள் இருக்கும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். பழம் ஒரு துணுக்குக்கு மேல் வேண்டாம். விதையும் கடலையும் இனிமேல் உணவல்ல, நாளுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் அன்புக்குக் கொடுப்பது மட்டுமே. அதிலும் பூஞ்சை பிடித்த கடலை ஒன்றுகூடக் கூடாது, அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கும். பிஸ்கட், வறுத்தது, உப்பிட்டது, சாக்லேட் எதுவும் வேண்டாம்.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள். காய்கறியையும் உருண்டையையும் முதலில் வைத்தால் மின்னி கோபித்துக்கொண்டு ஒதுக்கும். விதைக் கிண்ணம் பக்கத்தில் இருக்கும்வரை அதைத்தான் தின்னும். காலையில் பசியோடு இருக்கும்போது நல்ல உணவை வைத்து, அதைத் தின்ற பிறகு மாலையில் ஒரு விதை கொடுங்கள். ஆனால் இந்தப் பிடிவாதத்தை இப்போது தொடங்காதீர்கள். எடை 105 கிராமைத் தாண்டட்டும். மெலிந்த அணிலைப் பட்டினியால் பழக்கக் கூடாது.

கம்பி கடிப்பதற்கு மாற்று கொடுக்காமல் பல் மீண்டும் உடையாது என்று சொல்ல முடியாது. மருந்து தெளிக்காத மரக்கிளைகளைப் பட்டையோடு வெட்டிக் கழுவிக் கூண்டுக்குள் கட்டுங்கள். வாரம் ஒரு முறை தித்திப்பான எதையாவது நக்கக் கொடுத்துப் பற்களைப் பாருங்கள். உடைந்த மேற்பல் வளர்ந்து கீழ்ப்பல்லைச் சந்திக்கும்வரை, அந்தக் கீழ்ப்பல்லை இன்னும் ஒரு முறையோ இரு முறையோ தேய்க்க வேண்டிவரலாம். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். எலும்பு உறுதிப்படும்வரை உயரமான கூண்டில் விடாதீர்கள். தாவி விழுந்தால் கால் முறிய இந்த நிலையில் அதிகம் தேவையில்லை.

நாள்தோறும் ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன், எடை பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். கண் ஏமாறும், தராசு ஏமாறாது. இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் மூன்றாம் நாளுக்குக் காத்திராதீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் நான்கு நாட்கள் எடை 98-க்கும் 99-க்கும் இடையே நின்றது. ஒவ்வொரு காலையும் தராசின் முன் அஞ்சிக்கொண்டே நின்றேன். ஐந்தாம் நாள் 101. இன்று காலை 107. புழுக்கை பத்தாம் நாளிலிருந்து உலர்ந்து, தனித்தனியாக விழுகிறது. இரண்டாவது பரிசோதனையிலும் ஒட்டுண்ணி இல்லை. கீழ்ப்பல்லை ஒரு முறை மீண்டும் தேய்த்தார்கள், மேற்பல் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. எலும்புக்கான மருந்து இன்னும் சில மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கூண்டைத் தாழ்வானதாக மாற்றி, மாடியில் திறந்தவெளியில் காலை வெயிலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

உணவு உருண்டையை இன்னும் முழுமனத்தோடு ஏற்கவில்லை; ஊறவைத்ததைத் தின்கிறது, உலர்ந்ததை எடுத்துப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைக்கிறது. நேற்று மாலை, 105-ஐத் தாண்டிவிட்டதே என்று, ஒரே ஒரு சூரியகாந்தி விதையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, உருட்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஓடு உடையும் சத்தம் கேட்டது.